டெல்வ்ற் நகரும் இணைந்த வழிகளும்

யாழ்ப்பாண மக்களுக்கு டெல்வ்ற் என்னும் பெயர் புதியதன்று. 1658ஆம் ஆண்டு முதல் 1795ஆம் ஆண்டு வரை யாழ்ப்பாணத்தை ஆண்ட ஒல்லாந்தர் இங்குள்ள தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். வேலணை லெய்டன் எனவும், நெடுந்தீவு டெல்வ்ற் எனவும் அவர்தம் தேசப்படங்களிற் குறிக்கப்பட்டன. அவற்றுள் டெல்வ்ற் என்னும் பெயர் இன்றளவும் வழக்கொழியாது நிலைத்துள்ளது. அப்பெயரின் மூலநகர் நெதர்லாந்து எனப்படும் ஒல்லாந்து தேசத்திலே, ஹேக் நகருக்கும் றொட்டர்டாம் நகருக்கும் இடையே, கால்வாய்கள் ஊடறுத்துச் செல்லும் தாழ்நிலத்தில் அமைந்துள்ளது. ஒல்லாந்தரின் விடுதலைப் போரை நடத்திய ஒறேஞ்சு வில்லியம் 1584ஆம் ஆண்டிற் கொலையுண்டது அந்நகரிலேயாம். ஓவியர் வெர்மீர் 1632ஆம் ஆண்டிற் பிறந்ததும் அங்கேயே. நீலவண்ண மட்கலங்களாலும் அது பெயர்பெற்றது.

இப்பழம்புகழுக்கு அப்பால், இருபதாம் நூற்றாண்டின் இறுதிக் காற்பகுதியில் டெல்வ்ற் மற்றொரு துறையிலும் உலகின் கவனத்தை ஈர்த்தது. நடுத்தர அளவினதாகிய ஒரு நகரிலே துவிச்சக்கரவண்டிக்கென வழிகளை அமைப்பதாயின், அவற்றை எவ்வாறு அமைத்தல் வேண்டும் என்னும் வினாவுக்கு அந்நகரம் செயலளவில் ஒரு விடை தந்தது. அவ்விடை எவ்வாறு உருவாயிற்று, அதன் பயன் யாது, பிற நகரங்களின் அநுபவம் அதனை எத்துணை உறுதிப்படுத்துகின்றது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வண்டியின் ஏற்றமும் இறக்கமும்

ஒல்லாந்து தேசம் துவிச்சக்கரவண்டிக்கு இயல்பாகவே ஏற்ற நாடென்பர். நிலம் சமதரையானது, ஊர்கள் நெருங்கியவை, தூரங்கள் குறுகியவை. இரண்டாம் உலகப்போருக்கு முன்னும், போர் முடிந்த சில ஆண்டுகள் வரையும், ஒல்லாந்த நகரங்களிலே தொழிலாளரும் மாணாக்கரும் மேற்கொண்ட பிரயாணங்களிற் பெரும்பங்கு துவிச்சக்கரவண்டியாலேயே நிகழ்ந்தது. ஆயின், இயற்கை தந்த வாய்ப்பு மட்டும் ஒரு வழக்கத்தைக் காத்துவிட மாட்டாது என்பதற்கு அடுத்துவந்த கால்நூற்றாண்டே சான்றாகும்.

போருக்குப் பின்னர் நாட்டின் செல்வம் பெருகிற்று. செல்வத்தோடு மோட்டார் வண்டிகளும் பெருகின. பழைய தெருக்கள் அவற்றுக்காக அகலிக்கப்பட்டன. திறந்த வெளிகள் வாகனத் தரிப்பிடங்களாயின. புதிய குடியிருப்புகள் நகரின் நடுவிலிருந்து தொலைவில் எழுந்தன. நிலம் முன்போலவே சமதரையாயிருந்தும், துவிச்சக்கரவண்டியிற் செல்வோர் தொகை ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வந்தது. எனவே நிலத்தின் அமைப்பைக் காட்டிலும் வீதியின் அமைப்பே மக்களின் செலவு முறையைத் தீர்மானிக்கின்றது எனக் கொள்ளுதல் பொருந்தும்.

இம்மாற்றத்துக்கு மக்கள் கொடுத்த விலை பெரிது. 1972ஆம் ஆண்டில் மட்டும் அச்சிறிய நாட்டின் வீதிகளில் 3,264 பேர் விபத்துக்களில் மாண்டனர். அக்காலத்தில் ஆண்டுதோறும் அவ்வாறு மாண்டோருள் நானூறுக்கு மேற்பட்டோர் சிறுவர். தம் மகளை வீதி விபத்தில் இழந்த பத்திரிகையாளர் ஒருவர் 1972ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையொன்றினின்றும் 'குழந்தைக் கொலையை நிறுத்துக' என்னும் பெயரோடு ஓர் இயக்கம் தோன்றிற்று. பெற்றோர் வீதிகளில் இறங்கினர். அடுத்த ஆண்டில் அரேபிய நாடுகள் எண்ணெயை மறுத்தபோது, 1973 நவம்பர் 4ஆம் திகதி தொடக்கம் சில ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் வண்டிகளை ஓட்டுதல் அரசாங்கத்தால் தடைசெய்யப்பட்டது. வெறுமையான பெருந்தெருக்களிலே குழந்தைகள் சறுக்குச்சில்லுகளில் விளையாடினர். முதியோர் வண்டி மிதித்தனர். வீதி வேறுவகையாகவும் இருத்தல் கூடும் என்பதை மக்கள் அந்நாட்களிற் கண்ணாரக் கண்டனர். 1975ஆம் ஆண்டிற் துவிச்சக்கரவண்டி செலுத்துவோருக்கென ஒரு புதிய சங்கமும் நிறுவப்பட்டது.

டெல்வ்ற் நகரிலும் இவ்வுணர்ச்சி முன்னரே வேர்கொண்டிருந்தது. அறுபதுகளின் இறுதியில் அந்நகரப் பொறியியலாளர் யோஸ்ற் வால் என்பாரும் குடியிருப்போரும் முயன்று, சில தெருக்களில் மோட்டார் வண்டிகள் நடைவேகத்துக்கு மேற்செல்லாவண்ணம் மரங்களும் இருக்கைகளும் வளைவுகளும் அமைத்தனர். அத்தெருக்கள் 'வூனெர்வ்' எனப் பெயர்பெற்றன. 'வாழும் முற்றம்' என்பது அதன் பொருள். வீட்டின் முற்றம்போலத் தெருவும் மனிதர் தங்குதற்குரிய இடம் என்னும் கருத்து அதில் அடங்கியுள்ளது. 1976ஆம் ஆண்டில் ஒல்லாந்தச் சட்டம் அவ்வமைப்பை ஏற்றுக்கொண்டது.

இரு நகரங்களின் தனிவழிகள்

மக்களின் குரலுக்குச் செவிசாய்த்த மத்திய அரசாங்கம் எழுபதுகளின் நடுவில் ஒரு பரிசோதனையைத் தொடங்கிற்று. ஹேக், தில்பர்க் ஆகிய இரு நகரங்கள் தெரிவுசெய்யப்பட்டன. ஒவ்வொன்றிலும் நகரை ஊடறுத்துச் செல்லும் ஒரு சிறந்த துவிச்சக்கரவண்டி வழி அரசின் பொருளுதவியோடு அமைக்கப்பட்டது. அவ்வழிகள் அகன்றவை, மோட்டார் வண்டிகளினின்றும் பிரிக்கப்பட்டவை, நாற்சந்திகளில் முன்னுரிமை பெற்றவை. குறை சொல்லுதற்கு இடமற்ற வேலைப்பாடு உடையவை எனலாம். வாகனத் தரிப்பிடங்கள் நீங்குதலால் வாணிகம் கெடும் என அஞ்சிய கடைக்காரரின் எதிர்ப்பையும் அதிகாரிகள் தாங்கவேண்டியிருந்தது.

வழிகள் முடிந்தபின் ஆராய்ச்சியாளர் கணக்கெடுத்தனர். புதிய வழியிற் செல்வோர் தொகை மிகக் கூடியிருந்தது. ஆயின், அவர்களுட் பலர் முன்னர்ப் பக்கத்துத் தெருக்களில் வண்டி மிதித்தவரே என்பதும் புலனாயிற்று. நகர் முழுவதையும் நோக்குமிடத்துத் துவிச்சக்கரவண்டிப் பிரயாணம் குறிப்பிடத்தக்க அளவிற் பெருகவில்லை. ஏற்கெனவே வண்டி மிதித்தோர்க்குப் பாதுகாப்பும் இன்பமும் கிடைத்தன. புதியவர் அதிகம் வந்து சேர்ந்திலர்.

இதற்குக் காரணம் தேடுதல் அரிதன்று. ஒருவர் வீட்டிலிருந்து பாடசாலைக்கோ, சந்தைக்கோ, தொழிற்சாலைக்கோ செல்லுகின்றார். அவருடைய பிரயாணத்தின் நடுப்பகுதி ஒரு கிலோமீற்றர் தூரம் செம்மையாயிருப்பினும், அதனை அடையுமுன் ஓர் ஆபத்தான நாற்சந்தியும், அதனை நீங்கியபின் பாலமற்ற ஒரு கால்வாயும் இருக்குமாயின், அவர் வண்டியை எடுக்கமாட்டார்; தம் பிள்ளையை வண்டியில் அனுப்பவும் மாட்டார். ஒரு பிரயாணத்தின் பாதுகாப்பு அதன் மிக மோசமான பகுதியினாலேயே அளக்கப்படுகின்றது. குளத்தில் நீர் நிறைந்திருப்பினும் வாய்க்கால் ஓரிடத்தில் உடைந்தால் வயலுக்கு நீர் சென்று சேராது. தில்பர்க்கும் ஹேக்கும் கற்பித்த பாடம் இதுவே.

டெல்வ்ற் வகுத்த வலை

இப்பாடத்தை உணர்ந்த டெல்வ்ற் நகரசபை 1979ஆம் ஆண்டில் ஒரு துவிச்சக்கரவண்டித் திட்டத்தை ஏற்றது. அக்காலத்தில் அந்நகரின் குடித்தொகை எண்பதினாயிரத்துக்குச் சற்று மேற்பட்டது. தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஒன்று அங்கு இருந்தமையால் மாணாக்கர் பலர். வண்டி மிதிப்போரும் பலர். அவ்வாறாயினும் நகரம் பல துண்டுகளாகப் பிரிந்து கிடந்தது. புகையிரதப் பாதையும், கால்வாய்களும், மோட்டார் வண்டிகள் விரையும் பெருந்தெருக்களும் ஒரு பகுதியை மற்றொன்றினின்றும் பிரித்தன. எதிர்க்கரையிலுள்ள பாடசாலை கண்ணுக்குத் தெரியும். ஆயின் அதனை அடையச் சுற்றிச் செல்லவேண்டும்.

திட்டத்தை வகுத்தோர் ஓர் அழகிய வழியை நாடவில்லை. நகர் முழுவதையும் தழுவும் ஒரு வலையை நாடினர். அவ்வலை மூன்று படிகளை உடையது. முதலாவது நகரப்படி. இதன் வழிகள் ஒன்றுக்கொன்று ஏறத்தாழ 400 முதல் 600 மீற்றர் இடைவெளியில் நகரை நீளத்திலும் அகலத்திலும் ஊடறுத்தன. பல்கலைக்கழகம், புகையிரத நிலையம், அலுவலகங்கள், தொழிற்சாலைகள் என்பவற்றை நோக்கி நெடுந்தூரம் செல்வோர்க்கு உரியவை இவை. கால்வாய், புகையிரதப் பாதை முதலிய தடைகளைப் பாலங்களாலும் சுரங்கவழிகளாலும் கடப்பதும் இப்படியின் கடமையாகும். இரண்டாவது பகுதிப்படி. 200 முதல் 300 மீற்றர் இடைவெளியுடைய இவ்வழிகள் வீடுகளைப் பாடசாலைகளோடும் கடைகளோடும் சேர்த்து, நகரப்படியின் வழிகளுக்கும் கொண்டுவந்து விட்டன. மூன்றாவது அயற்படி. 100 முதல் 150 மீற்றர் இடைவெளியுடைய இச்சிறுவழிகள் குழந்தைகளும் நடந்து செல்வோரும் பயன்படுத்துவதற்காக எளிய முறையில் அமைந்தன.

இம்மூன்று படிகளும் ஒன்றன்மேல் ஒன்றாக விரிக்கப்பட்ட வலைகள்போன்றன. பெரிய கண்ணுடைய வலை தூரத்தை வென்றது. சிறிய கண்ணுடைய வலை ஒவ்வொரு வீட்டு வாயிலையும் எட்டிற்று. மேலும், புதிய வழிகளை எங்கும் கட்டவேண்டும் என அவர்கள் எண்ணவில்லை. உள்ளவற்றுள் நல்லவற்றை ஏற்று, இடையிடையே அறுந்த கண்ணிகளை மட்டும் இணைத்தனர். ஓரிடத்தில் ஒரு பாலம். ஓரிடத்தில் ஒரு சுரங்கவழி. மற்றோரிடத்தில், மோட்டார் வண்டிகளுக்கு ஒருவழியாயிருந்த தெருவைத் துவிச்சக்கரவண்டிகளுக்கு இருவழியாகத் திறந்துவிடுதல். இன்னோரிடத்தில் நாற்சந்தி விளக்கின் முறையைத் திருத்துதல். இவற்றுட் சில பெருஞ்செலவு வேண்டியன. சில ஒரு பெயர்ப்பலகையின் செலவுக்குள் முடிந்தன. எதனை முதலிற் செய்வது என்னும் வினாவுக்கும் தேசப்படமே விடை தந்தது. வலை எங்கே அறுந்துள்ளதோ அங்கே வேலை தொடங்கிற்று.

மத்திய அரசாங்கம் இத்திட்டத்தை நாட்டுக்கு ஒரு முன்மாதிரியாகக் கருதிப் பொருளுதவி செய்தது. 1982ஆம் ஆண்டிற் தொடங்கிய வேலை 1987ஆம் ஆண்டளவில் நிறைவெய்திற்று. வேலை தொடங்குமுன் மக்களின் பிரயாணங்கள் கணக்கெடுக்கப்பட்டன. வழிகள் திறக்கப்பட்டபின் மீண்டும் கணக்கெடுக்கப்பட்டன. விருப்பு வெறுப்புகளை விலக்கி, எண்ணால் அளந்தறியும் இவ்வொழுங்கே டெல்வ்ற்றின் அநுபவத்தைப் பிற நாட்டாரும் ஏற்பதற்குக் காரணமாயிற்று.

விளைவும் அதன் பொருளும்

கணக்கெடுப்பின் முடிவு வருமாறு: நகர மக்கள் மேற்கொண்ட பிரயாணங்களில் துவிச்சக்கரவண்டியின் பங்கு நூற்றுக்கு 40 இலிருந்து 43 ஆக உயர்ந்தது. வண்டியிற் சென்ற தூரமும் கூடிற்று. மோட்டார் வண்டியின் பங்கு குறையவில்லை, பெருகவும் இல்லை.

நூற்றுக்கு மூன்று என்னும் உயர்வு சிறிதென எள்ளுவோர் அன்றும் இருந்தனர், இன்றும் உளர். அவர் கூற்றில் ஒருபாதி உண்மை உண்டு. ஆயின் மறுபாதியையும் நோக்குதல் வேண்டும். டெல்வ்ற் மக்கள் முன்னரே நூற்றுக்கு நாற்பது பங்கு பிரயாணத்தை வண்டியிற் செய்தனர். நிறைந்த கலத்தில் மேலும் வார்ப்பது அரிது. ஹேக்கிலும் தில்பர்க்கிலும் தனிவழி நகர் முழுவதிலும் சாதிக்காத உயர்வை டெல்வ்ற்றிலே வலை சாதித்தது என்பதே கருதத்தக்கது. இணைப்பின் பயன் யாதென இவ்வொப்பீடு தெளிவாக்கிற்று.

இவ்வநுபவங்கள் பின்னர் ஒல்லாந்தப் பொறியியலாளரின் நூல்களில் விதிகளாக உருப்பெற்றன. 1993ஆம் ஆண்டில் வெளியான அவர்தம் வழிகாட்டிநூல் நல்ல துவிச்சக்கரவண்டி வழிக்கு ஐந்து இலக்கணங்களை வகுத்தது. தொடர்ச்சி, நேர்செலவு, பாதுகாப்பு, வசதி, இனிமை என்பன அவை. தொடர்ச்சியும் அவ்வைந்தனுள் ஒன்றாக வைக்கப்பட்டமை டெல்வ்ற், தில்பர்க், ஹேக் ஆகிய நகரங்களின் வரலாற்றை அறிந்தோர்க்கு வியப்பளிக்காது.

ஸ்டீவனேஜ் எழுப்பும் ஐயம்

இணைப்பு ஒன்றே போதும் எனின், இங்கிலாந்தின் ஸ்டீவனேஜ் நகரம் அதனை மறுக்கும். 1946ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் முதலாவது புதுநகராக அறிவிக்கப்பட்ட இவ்வூரின் தலைமைப் பொறியியலாளர் எரிக் கிளாக்ஸ்டன், தாமே நாடோறும் துவிச்சக்கரவண்டியிற் செல்பவர். ஒல்லாந்து தேசத்து வழிகளைக் கண்டு வியந்த அவர், புதுநகரின் பெருந்தெருக்களை ஒட்டித் தனித்த வண்டி வழிகளை அமைத்தார். வீதிச் சந்திகள்தோறும் அவ்வழிகள் சுரங்கமாக இறங்கிச் சென்றன. நகரின் ஓர் எல்லையிலிருந்து மற்றோர் எல்லைக்கு மோட்டார் வண்டியை எதிர்ப்படாமலே ஒருவர் செல்லலாம். டெல்வ்ற் கனவு காணுமுன்னரே இணைந்த வலையொன்று அங்கே நிலத்தில் அமைந்திருந்தது.

அவ்வாறாகியும் ஸ்டீவனேஜ் மக்கள் மோட்டார் வண்டியையே நாடினர். 2011ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்போது, அங்கு தொழிலுக்குத் துவிச்சக்கரவண்டியிற் சென்றோர் நூற்றுக்கு மூவர் அளவினரே. காரணம் யாது? அந்நகரின் பெருந்தெருக்கள் மோட்டார் வண்டிக்கும் அத்துணை வசதியாகவே அமைக்கப்பட்டிருந்தன. வீதி நெரிசலின்றி விரைந்து செல்லலாம். சென்ற இடத்தில் வண்டியை நிறுத்துதற்கும் இடமுண்டு. இரண்டு வழிகளும் திறந்திருக்கையில், உழைப்பு வேண்டாத வழியை மக்கள் தேர்ந்தனர். டெல்வ்ற் போன்ற பழைய ஒல்லாந்த நகரங்களிலோ குறுகிய தெருக்களும், வாழும் முற்றங்களும், சுற்றிச் செல்லவேண்டிய மோட்டார் வழிகளும் துவிச்சக்கரவண்டிக்கே நேர்செலவை அளித்தன. ஆகவே வலை இணைந்திருத்தலோடு, அவ்வலையிற் செல்லுதல் பிற முறைகளினும் எளிதாயிருத்தலும் வேண்டும் என்பது பெறப்படும்.

செவில் நகரின் துணிவு

ஒல்லாந்தர் பழக்கமும் நிலமும் தமக்கெனச் சிறப்பானவை. பிறர் அவர்களைப் பின்பற்றல் இயலாது என்பது நெடுங்காலம் கூறப்பட்டுவந்த மறுப்பு. இதற்கு விடை ஸ்பெயின் தேசத்தின் தென்பாகத்திலிருந்து வந்தது. செவில் ஏறத்தாழ ஏழு இலட்சம் மக்கள் வாழும் நகரம். கோடையில் வெயில் கடுமை மிக்கது. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே துவிச்சக்கரவண்டியைப் பயன்படுத்துவோர் மிகச் சிலர். இருந்த சுமார் 12 கிலோமீற்றர் வண்டி வழிகளும் ஒன்றோடொன்று சேராத துண்டுகளாய்க் கிடந்தன. 1987ஆம் ஆண்டிற் தோன்றிய ஒரு மிதிவோர் சங்கம் இருபது ஆண்டுகளாகக் குரல்கொடுத்தும் நிலைமை மாறவில்லை.

2003ஆம் ஆண்டுத் தேர்தலின் பின்னர், மேயர் அல்பிரேடோ சாஞ்செஸ் மொன்தெசெயிரின் தலைமையிலான கட்சி இடதுசாரிகளோடு சேர்ந்து நகராட்சி அமைத்தது. துவிச்சக்கரவண்டி வழிகளை அமைத்தல் அக்கூட்டின் உடன்பாடுகளுள் ஒன்றாயிற்று. அவர்கள் கைக்கொண்ட முறையே குறிப்பிடத்தக்கது. ஆண்டுக்கு ஒரு வழியாகப் படிப்படியே கட்டாமல், நகர் முழுவதையும் இணைக்கும் அடிப்படை வலையை ஒரே வீச்சிற் கட்டினர். 2006, 2007 ஆகிய ஆண்டுகளில் ஏறத்தாழ 77 கிலோமீற்றர் முடிந்தது. 2010ஆம் ஆண்டளவில் அது 120 கிலோமீற்றர் ஆயிற்று. அதற்காகச் சுமார் 5,000 வாகனத் தரிப்பிடங்கள் நீக்கப்பட்டன. அரைகுறையாக நின்ற வழிக்கு ஆதரவாளர் இரார், எதிர்ப்பாளரே இருப்பர்; முழுமையாக இணைந்த வழிக்கோ அதனைப் பயன்படுத்துவோரே காவலராவர் என்னும் அரசியல் உண்மையை அவர்கள் உணர்ந்திருந்தனர் போலும்.

பயன் விரைவிலே வெளிப்பட்டது. நாளொன்றுக்கு ஆறாயிரம் அளவில் இருந்த துவிச்சக்கரவண்டிப் பிரயாணங்கள் சில ஆண்டுகளுள் அறுபதினாயிரத்துக்கு மேல் உயர்ந்தன. ஒவ்வொரு பிரயாணத்துக்கும் ஏற்படும் விபத்தின் அபாயமும் குறைந்தது என்பதை அந்நகரப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் பின்னர்க் காட்டினர். 2011ஆம் ஆண்டில் நகராட்சி கைமாறியபின் வலையின் வளர்ச்சி தளர்ந்தது. பிரயாணங்களும் ஓரளவு குறைந்தன. எனினும் கட்டிய வழிகளை அழிக்க எவரும் துணிந்திலர். செவில் பெற்ற பேறு நிலத்தாலோ பழக்கத்தாலோ வந்ததன்று. இணைத்தலாலும், இணைப்புக்காக இடம்கொடுக்கத் துணிந்தமையாலும் வந்ததாகும்.

முடிவு

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து மூன்று உண்மைகள் பெறப்படும். துண்டு துண்டாகிய வழிகள் எத்துணைச் சிறப்பாக அமைந்தாலும் நகரின் வழக்கத்தை மாற்றமாட்டா. தில்பர்க்கும் ஹேக்கும் இதற்குச் சான்று. இணைந்த வலையும், மோட்டார் வண்டிக்கு வரையறை இல்லாவிடத்து, ஆளின்றிக் கிடக்கும்; ஸ்டீவனேஜ் இதற்குச் சான்று. வலையும் வரையறையும் கூடியவிடத்து, பழக்கமுள்ள டெல்வ்ற்றும் பழக்கமற்ற செவிலும் ஒருங்கே பயன்பெற்றன.

டெல்வ்ற் நகரின் கதை 1987ஆம் ஆண்டோடு முடிந்ததன்று. நகரை இருகூறாகப் பிரித்த புகையிரதப் பாதை 2015ஆம் ஆண்டிற் சுரங்கத்துள் இறக்கப்பட்டது. புதிய நிலையத்தின் அடியில் ஆயிரக்கணக்கான துவிச்சக்கரவண்டிகளை நிறுத்துதற்கு இடமும் அமைந்தது. 1979ஆம் ஆண்டுத் தேசப்படத்திற் குறிக்கப்பட்ட பெருந்தடைகளுள் ஒன்று முப்பத்தாறு ஆண்டுகளின் பின்னர் நீங்கிற்று.

1972ஆம் ஆண்டில் 3,264 ஆக இருந்த ஒல்லாந்தரின் வீதி மரணங்கள் 2010ஆம் ஆண்டில் 640 ஆகக் குறைந்தன. இதற்குச் சட்டங்களும், வண்டிகளின் திருத்தமும், மருத்துவமும் துணைசெய்தன. துவிச்சக்கரவண்டி வழிகளின் பங்கு இவ்வளவு எனப் பிரித்துக் கூறல் எளிதன்று. ஆயின், அவ்வழிகளைக் கேட்டு முதலில் எழுந்த குரல் பிள்ளைகளை இழந்த பெற்றோரின் குரல் என்பதை வரலாறு மறத்தலாகாது. ஒரு பிள்ளை தன் வீட்டு வாயிலிலிருந்து பாடசாலை வாயில் வரை அச்சமின்றித் தனியே சென்று மீளக்கூடுமாயின், அந்நகரின் வழிகள் இணைந்துள்ளன எனலாம். அவ்வாறு செல்லமுடியாதாயின், எத்தனை கிலோமீற்றர் கட்டப்பட்டிருப்பினும், அவ்வழிகள் இன்னும் முடிவுறாதனவே.